சிகிச்சைக்குப் பின் எந்தப் படம், எப்போது? மார்பகப் புற்றுநோய்த் தொடர்கண்காணிப்பில் மருத்துவப் படிமவியல்: பாபநாசம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று நலமடைந்த பெண்ணுக்கு அதன்பின் எந்தப் படிமப் பரிசோதனைகள் தேவை, எவை தேவையில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எஞ்சிய மார்பகத் திசுவுக்கு ஆண்டுக்கொரு மேமோகிராம் தேவை. அறிகுறி இல்லாத நிலையில் முழு உடல் ஸ்கேன்கள் ஆயுளைக் கூட்டுவதில்லை. இம்முடிவுக்கான சான்றுகளும், அதைத் தமிழில் எடுத்துச் சொல்வதில் உள்ள இடர்ப்பாடுகளும், தாமிரபரணியின் மேற்கரை ஊரான பாபநாசத்தின் சூழலில் வைத்து ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மார்பகப் புற்றுநோய், தொடர்கண்காணிப்பு, மேமோகிராம், பெட் ஸ்கேன், நோய் மீளல், அறிவியல் தமிழ்.

முன்னுரை

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே ஆகும். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அவ்வோராண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,78,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 90,000 பேர் இறந்தனர். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் நாம் இறப்பின் பெருக்கத்தையே பேசுகிறோம். சிகிச்சை முடித்து வீடு திரும்பும் பெண்களின் தொகையும் ஆண்டுதோறும் பெருகுகிறது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அறுவை, கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தபின் தொடங்கும் நீண்ட காலத்தைக் குறித்துத் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. விழிப்புணர்வு நூல்கள் பெரும்பாலும் கட்டியைக் கண்டறிவதோடு நின்றுவிடுகின்றன.

இங்குப் பாபநாசம் என்பது தஞ்சை மாவட்டத்துப் பாபநாசம் அன்று. பொதிகை மலையிலிருந்து தாமிரபரணி சமவெளிக்கு இறங்குமிடத்தில் உள்ள திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசம். அருகில் விக்கிரமசிங்கபுரம் நூற்பாலை ஊர். சுற்றுவட்டாரத்தில் பீடி சுற்றும் தொழிலில் வீட்டிலிருந்தே ஈடுபடும் பெண்கள் பலர். அருகிலுள்ள நகரம் அம்பாசமுத்திரம். 1965இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு ஏறத்தாழ 50 கி.மீ. செல்லவேண்டும். புற்றுநோய்க்கெனத் தனிச்சிறப்புடைய நிறுவனங்களை நாடுவோர் 1954இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ, 1981இல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கோ செல்கின்றனர். பாபநாசத்துக்கு நேர் மேற்கே மலைக்கு அப்பால் இருப்பது திருவனந்தபுரம் மாவட்டந்தான். ஆயினும் பொதிகையைக் கடந்து செல்லச் சாலையில்லை. செங்கோட்டை வழியாகவோ நாகர்கோவில் வழியாகவோ சுற்றிச் செல்ல வேண்டும்.

இச்சூழலில் ஒரு பரிசோதனை என்பது கட்டணம் மட்டுமன்று. ஒரு நாள் கூலி இழப்பு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, பேருந்துச் செலவு, சிலபோது அடகுக்கடைக்குச் செல்லும் நகை ஆகியனவும் அதில் அடங்கும். ஆகவே எந்தப் பரிசோதனைக்காக அந்தப் பயணத்தை மேற்கொள்வது என்ற வினா மருத்துவ வினாவாக இருக்கும் அளவுக்குக் குடும்ப வினாவாகவும் இருக்கிறது.

படிமம் எதைத் தேடுகிறது?

சிகிச்சைக்குப் பின் நோய் மூன்று வகையில் தோன்றக்கூடும். ஒன்று, அறுவை செய்த அதே மார்பகத்திலோ மார்புச் சுவரிலோ அக்குளிலோ நோய் மீள்வது. இரண்டாவது, மறு மார்பகத்தில் புதிதாகத் தோன்றுவது. மூன்றாவது, எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகிய தொலைவு உறுப்புகளில் பரவல் வெளிப்படுவது.

முதலிரண்டையும் மூன்றாவதையும் வேறுபடுத்திப் பார்க்காமையே இப்பொருள் குறித்த குழப்பங்களுக்கெல்லாம் வேர் எனலாம். மார்பகத்தில் மட்டும் மீளும் நோயையும் மறு மார்பகத்தில் தோன்றும் புது நோயையும் சிறிதாக இருக்கும்போதே கண்டால் மீண்டும் முற்றாக அகற்ற வாய்ப்பு மிகுதி. அங்கே முன்கூட்டிக் காண்பதால் பயன் உண்டு. தொலைவு உறுப்புகளில் பரவிய நோயைப் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாமேயன்றி முற்றாக நீக்க இயலுவதில்லை. அச்சிகிச்சையைச் சில மாதங்கள் முன்னதாகத் தொடங்குவதால் ஆயுள் நீளும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ‘எதையும் முன்னாலேயே கண்டுபிடித்தால் நல்லது’ என்ற பொதுவிதி முதலிரண்டுக்குப் பொருந்தும். மூன்றாவதற்கு அப்படியே பொருந்தாது.

ஆண்டுக்கொரு மேமோகிராம்

எக்ஸ் கதிரைக் கொண்டு மார்பகத்தைப் படமெடுக்கும் முயற்சி பழமையானது. பெர்லினில் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அகற்றப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகங்களைப் படமெடுத்து ஆராய்ந்து 1913இல் வெளியிட்டார். அந்த வழி வளர்ந்து உருவானதே இன்றைய மேமோகிராம். மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே சில நொடிகள் அழுத்தி, மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் சாய்வாக ஒன்றும் என இரு படங்கள் எடுக்கப்படும். அழுத்துவது வலிதரும், ஆனால் திசு பரவலாக விரிந்தால்தான் ஒன்றன்மேல் ஒன்று மறைக்காமல் தெளிவாகத் தெரியும், கதிர்வீச்சும் குறையும். இரு மார்பகங்களுக்கும் சேர்த்து உடல் பெறும் கதிர்வீச்சு ஏறத்தாழ 0.4 மில்லிசீவெர்ட். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஒருவர் இயற்கையாகப் பெறுவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட் ஆகும்.

அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் கழகத்தின் வழிகாட்டலும் பிற முதன்மை வழிகாட்டல்களும் ஒன்றுபடும் இடம் இது: மார்பகத்தைக் காத்து அறுவை செய்து கதிர்வீச்சுப் பெற்றவருக்கு, கதிர்வீச்சு முடிந்து குறைந்தது ஆறு மாதம் கழித்து முதல் மேமோகிராம், பின்னர் ஆண்டுக்கு ஒன்று. ஒரு மார்பகம் முழுதாக அகற்றப்பட்டவருக்கு மறு மார்பகத்துக்கு மட்டும் மேமோகிராம் போதும். அகற்றப்பட்ட பக்கத்தை மருத்துவர் கையால் தொட்டுச் சோதிப்பதே முறை. ஐயம் எழுந்தால் மீயொலிப் பரிசோதனை.

ஆறு மாதம் ஏன் காத்திருக்க வேண்டும்? கதிர்வீச்சுப் பெற்ற மார்பகம் வீங்கியிருக்கும், தோல் தடித்திருக்கும், அறுவை செய்த இடத்தில் நீர் கோத்திருக்கும். அந்நிலையில் எடுக்கும் படம் மங்கலாக இருக்கும். பெண்ணுக்கு வலியும் மிகும். பின்னர் வீக்கம் மெல்ல வடிகிறது. தழும்பு சுருங்குகிறது. கொழுப்புத் திசு நசிந்த இடங்களில் சுண்ணப் படிவுகள் தோன்றுகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளில் மார்பகம் ஒரு நிலைக்கு வந்துவிடுகிறது. அதன்பின் தழும்பு பெரிதாவதோ, தோல் மீண்டும் தடிப்பதோ, நுண்ணிய புதுச் சுண்ணத் துகள்கள் கூட்டமாகத் தோன்றுவதோ ஐயத்துக்குரியது.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை பெறப்படுகிறது. சிகிச்சை பெற்ற மார்பகத்தின் மேமோகிராமைத் தனியாக வைத்துப் படிப்பது கடினம். முந்தைய படத்தோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும். தழும்பும் கட்டியும் ஒரே படத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். சென்ற ஆண்டும் இதே அளவில் இருந்தது என்றால் தழும்பு. வளர்ந்திருக்கிறது என்றால் வேறு. ஆகவே பழைய படம் பரிசோதனையின் ஒரு பாதி என்றே கருதத்தக்கது. பழைய படம் இல்லாவிடில் தேவையற்ற திசுப் பரிசோதனைக்கு ஆளாக நேரிடும். பாபநாசத்திலிருந்து ஓராண்டு திருநெல்வேலிக்கும், மறு ஆண்டு நாகர்கோவிலுக்கும், அதற்கடுத்த ஆண்டு மகள் வாழும் ஊருக்கும் சென்று படமெடுப்பவர் பழைய படங்களைக் கையோடு கொண்டுசெல்லாவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டாகவே ஆகிவிடும்.

மேமோகிராமுக்கும் எல்லை உண்டு. இளம் பெண்களின் மார்பகத் திசு அடர்த்தி மிக்கது. படத்தில் திசுவும் வெண்மை, கட்டியும் வெண்மை. மேலை நாடுகளோடு ஒப்பிட இந்தியப் பெண்களுக்கு இந்நோய் ஏறத்தாழப் பத்தாண்டு இளமையிலேயே தோன்றுவதால் இச்சிக்கல் இங்கே பெரிது. அடர்த்தி மிக்கவர்களுக்கு மேமோகிராமுடன் மீயொலிப் பரிசோதனையையும் மருத்துவர்கள் சேர்ப்பதுண்டு. 50 வயதுக்கு முன் நோய் கண்டவர்களுக்கும் அடர்ந்த திசு உடையவர்களுக்கும் ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ. சேர்க்கலாம் என அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2018இல் பரிந்துரைத்தது. பிஆர்சிஏ மரபணு மாற்றம் உடையவர்களுக்கு அது மேலும் வலுவான பரிந்துரை. மார்பக எம்.ஆர்.ஐ. செலவு மிக்கது, பொய்யான ஐயங்களையும் மிகுதியாக எழுப்புவது. எல்லோருக்கும் உரியதன்று.

ஆண்டுக்கொரு முறை என்ற இடைவெளியையே குறைக்கலாமா என்ற வினாவும் அண்மையில் ஆராயப்பட்டுள்ளது. பிரிட்டனில் 50 வயதும் அதற்கு மேலும் உடைய 5,235 பெண்களைக் கொண்டு நடந்த ‘மேமோ-50’ ஆய்வு 2025இல் வெளியாயிற்று. அறுவைக்குப் பின் மூன்றாண்டுகள் நோயின்றிக் கடந்தவர்களுள் ஒரு சாராருக்கு ஆண்டுதோறும், மற்றொரு சாராருக்கு இரண்டாண்டு அல்லது மூன்றாண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்கப்பட்டது. மார்பகப் புற்றுநோயால் இறவாது வாழ்ந்தோர் விகிதம் இரு சாராரிலும் 98 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. ஐம்பதைக் கடந்த பாபநாசத்துப் பெண்ணுக்கு இது நல்ல செய்தி. நாற்பதில் நோய் கண்டவருக்கு இவ்வாய்வு விடையளிக்கவில்லை.

இத்தாலியில் கிடைத்த சான்று

அறிகுறியில்லாதவருக்கு உடல் முழுதும் ஸ்கேன் எடுப்பதால் ஆயுள் நீளுமா? இவ்வினாவுக்கு நேரடி விடை தந்தவை இத்தாலியில் நடந்த இரு ஆய்வுகள். இரண்டும் 1994இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளிவந்தன. கிவியோ குழுவினரின் ஆய்வில் 1,320 பெண்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ் கதிர்ப் படம், கல்லீரல் மீயொலி, குருதிச் சோதனைகள் ஆகியன குறித்த இடைவெளியில் செய்யப்பட்டன. மறு பிரிவுக்கு மருத்துவரின் நேர்ப் பரிசோதனையும் மேமோகிராமும் மட்டும். பிற சோதனைகள் அறிகுறி தோன்றினால்தான். ஏறத்தாழ ஆறாண்டு கழித்துப் பார்த்தபோது மிகுதியாகச் சோதிக்கப்பட்ட பிரிவில் 20 விழுக்காட்டினரும், மறு பிரிவில் 18 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். ரோசெல்லி டெல் துர்கோ குழுவினர் 1,243 பெண்களிடம் நடத்திய ஆய்விலும், ஆறு மாதத்துக்கொரு எலும்பு ஸ்கேனும் மார்புப் படமும் எடுத்தமையால் பரவல் சற்று முன்னதாகத் தெரிந்தது. ஐந்தாண்டு இறப்பு விகிதம் மாறவில்லை.

முன்னதாகத் தெரிந்தும் ஏன் மாறவில்லை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரு பெண்களுக்கு ஒரே அளவில் எலும்பில் நோய் பரவியிருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு ஸ்கேனில் சித்திரையில் தெரிகிறது. மற்றவருக்கு இடுப்பு வலி வந்து ஐப்பசியில் தெரிகிறது. இருவரும் மூன்றாண்டுகள் கழித்து ஒரே மாதத்தில் இறக்கின்றனர். கணக்கில் முதலாமவர் ‘கண்டறிந்தபின்’ ஆறு மாதம் கூடுதலாக வாழ்ந்தவராவார். உண்மையில் அவர் ஆறு மாதம் கூடுதலாக நோயாளியாக வாழ்ந்தார். புள்ளியியலார் இதனை ஒரு சாய்வுப் பிழை என்பர். தமிழில் இதை முற்கண்டறிதல் மயக்கம் எனலாம்.

பொய்யான ஐயமும் இங்கே எண்ணத்தக்கது. கணக்கின் பொருட்டு, அறிகுறியில்லாத 1,000 பெண்களுள் 20 பேருக்கு மறைந்த பரவல் இருப்பதாகவும், ஒரு ஸ்கேன் நோயுள்ளோரில் 90 விழுக்காட்டினரையும் நோயில்லாதோரில் 95 விழுக்காட்டினரையும் சரியாக இனங்காண்பதாகவும் கொள்வோம். அது உண்மையாகச் சுட்டுவது 18 பேரை. பொய்யாகச் சுட்டுவது 49 பேரை. ‘ஏதோ தெரிகிறது’ என்று சொல்லப்பட்ட 67 பேரில் பெரும்பான்மையோர் நோயில்லாதவர்களாக இருப்பர். இந்தியச் சூழலில் இச்சிக்கல் மேலும் கூர்மையாகிறது. பெட் ஸ்கேனில் செலுத்தப்படும் கதிரியக்கச் சர்க்கரை, சர்க்கரையை மிகுதியாக உட்கொள்ளும் எந்தத் திசுவிலும் ஒளிரும். காசநோய் கண்ட நிணநீர்க் கணுவும் புற்றைப் போலவே ஒளிரும். எலும்பு ஸ்கேனில் மூட்டுத் தேய்வும் பழைய எலும்பு முறிவும் ஒளிரும். நாள் முழுதும் சம்மணமிட்டுக் குனிந்து பீடி சுற்றும் ஐம்பது வயதுப் பெண்ணின் முதுகெலும்பில் ஒன்றும் ஒளிராமல் இருந்தால்தான் வியப்பு.

2012இல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் கழகம், நலம் நோக்கிய சிகிச்சை முடித்து அறிகுறியின்றி இருப்போருக்குப் பெட், சி.டி., எலும்பு ஸ்கேன், கட்டிக் குறியீட்டுக் குருதிச் சோதனை ஆகியவற்றை வழக்கமாகச் செய்யவேண்டா என்று வெளிப்படையாக அறிவுறுத்தியது. இத்தாலிய ஆய்வுகள் பழையன. அன்று பெட் இல்லை. இன்றுள்ள மருந்துகளும் இல்லை என்ற மறுப்பு நியாயமானதே. அதனாலேயே இவ்வினா மீண்டும் திறக்கப்பட்டுள்ளது. ஜெர்மனியில் 2022 இறுதியில் தொடங்கிய ‘சர்வைவ்’ ஆய்வு, குருதியில் மிதக்கும் கட்டியின் மரபணுத் துணுக்குகளைத் தேடி, கிடைத்தவர்களுக்கு மட்டும் ஸ்கேன் எடுப்பது பயன்தருமா என்று சோதிக்கிறது. அதன் முடிவு வரும்வரை பழைய சான்றே நிற்கிறது.

‘ஸ்கேன்’ என்னும் ஒற்றைச் சொல்

தமிழ் பேசுவோரிடையே ஸ்கேன் என்பது ஒரே பொருள் குறித்த சொல்லாக வழங்குகிறது. கருவுற்ற பெண்ணுக்கு எடுக்கும் மீயொலியும் ஸ்கேன். தலையில் அடிபட்டவருக்கு எடுக்கும் சி.டி.யும் ஸ்கேன், கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் பெட்டும் ஸ்கேன். முதலாவதில் எக்ஸ் கதிரே இல்லை, பெட்-சி.டி.யில் எடுக்கும் முறையைப் பொறுத்து 10 முதல் 25 மில்லிசீவெர்ட் வரை கதிர்வீச்சு உண்டு. ஒரு சொல்லுக்குள் இவை அனைத்தும் அடங்கும்போது, பெரியது, விலை மிகுந்தது, உடல் முழுதும் பார்ப்பது என்பதே சிறந்தது என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. “மதினி, ஒரு தடவ முழு உடம்பு ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க, மனசுக்கு நிம்மதி” என்று உறவினர் சொல்வதில் அன்பு உண்டு. அந்த நிம்மதி எத்தனை நாளைக்கு என்பதே வினா. இன்று தெளிவாக இருக்கும் பெட் ஸ்கேன் மூன்று மாதம் கழித்து வரவிருப்பதைக் குறித்து எதுவும் சொல்லாது.

அறிக்கைகளின் மொழி மற்றொரு தடை. மேமோகிராம் அறிக்கையின் இறுதியில் ‘பை-ராட்ஸ்’ என்ற தலைப்பில் 0 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். 0 என்றால் படம் போதவில்லை, மேலும் எடுக்கவேண்டும் என்பது பொருள். நோய் இல்லை என்பதன்று. 1 இயல்பு. 2 என்றால் தீங்கற்ற மாற்றம்; சிகிச்சை பெற்ற மார்பகத்தில் தழும்பும் சுண்ணமும் இருப்பதால் பெரும்பாலும் இந்த எண்ணே வரும். 3 என்றால் பெரும்பாலும் தீங்கற்றது, ஆறு மாதத்தில் மீண்டும் பார்க்கவேண்டும். 4, 5 என்றால் திசுப் பரிசோதனை தேவை. 6 ஏற்கெனவே உறுதிசெய்யப்பட்ட புற்றைக் குறிப்பது. நோயின் நிலைகளும் 1 முதல் 4 வரை எண்ணாலேயே சொல்லப்படுவதால், பை-ராட்ஸ் 2 என்பதை ‘ரெண்டாம் ஸ்டேஜ்’ எனப் படித்து ஒரு குடும்பம் உறக்கமிழக்க முழு வாய்ப்பு உண்டு. இவ்வெண்ணுக்கு எதிரே ஒரே ஒரு தமிழ்த் தொடரை அச்சிட்டால் போதும்: ‘தீங்கற்ற மாற்றம்; அடுத்த ஆண்டு வருக.’ கலைச்சொல்லாக்கத்தில் நாம் காட்டிய ஆர்வத்தில் ஒரு பகுதியை இத்தகைய தொடராக்கத்தில் காட்டவில்லை என்பது கட்டுரையாளரின் கருத்து.

அறிகுறி வந்தபின்

மேற்கண்டவை அனைத்தும் அறிகுறி இல்லாதவருக்கே பொருந்தும். அறிகுறி தோன்றியவுடன் நிலைமை தலைகீழாகும். அப்போது ஸ்கேனைத் தள்ளிப்போடுவதே தவறு. தழும்பிலோ மார்புச் சுவரிலோ அக்குளிலோ கழுத்தெலும்புக்கு மேலோ புதுக் கட்டி அல்லது தடிப்பு, சில வாரங்களாகத் தொடரும் புது எலும்பு வலி, ஓய்விலும் இரவிலும் தணியாத முதுகுவலி, விடாத இருமல், மூச்சுத் திணறல், காரணமின்றி எடை குறைதல், கண் மஞ்சளித்தல், புதிதாகத் தொடரும் தலைவலி, கால் மரத்துப்போதல் ஆகியவை மருத்துவரிடம் உடனே சொல்லத்தக்கவை. எந்த உறுப்பு எனப் பார்த்து அதற்குரிய படத்தை மருத்துவர் தெரிவு செய்வார். முதுகுவலியோடு கால்கள் வலுவிழந்தாலோ சிறுநீர் தடைப்பட்டாலோ தண்டுவடம் நெரிபடுகிறது என ஐயுற்று அன்றே எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும்.

வேலைக் களைப்பால் வரும் முதுகுவலியையும் இதையும் எப்படிப் பிரிப்பது? வேலையை நிறுத்திப் படுத்தால் குறைவது பெரும்பாலும் முன்னது. படுத்தபின்னும் குறையாது வாரந்தோறும் கூடுவது காட்டவேண்டியது. இவ்வளவு எளிய வேறுபாட்டைச் சொல்லப் பெரிய மருத்துவமனை தேவையில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளோடு வீடு வீடாகச் செல்பவர்கள். சிகிச்சை முடித்த பெண்ணிடம் இந்த நான்கைந்து வினாக்களைக் கேட்க அவர்களினும் பொருத்தமானவர் இல்லை.

எத்தனை ஆண்டுகள் கேட்கவேண்டும்? ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உடைய வகை நோய் கண்டு, ஐந்தாண்டு ஹார்மோன் சிகிச்சை முடித்த 62,923 பெண்களின் தரவை ஒன்றுதிரட்டி 2017இல் வெளியான பகுப்பாய்வு, ஐந்தாம் ஆண்டு முதல் இருபதாம் ஆண்டு வரை நோய் மீளல் சீராகத் தொடர்வதைக் காட்டியது. ‘அஞ்சு வருஷம் தாண்டியாச்சு’ என்று மேமோகிராமை நிறுத்திவிடுவதற்கு இடமில்லை.

மருந்துகளின் விளைவுக்கான படங்கள்

நோயைத் தேடாமல், சிகிச்சையின் பின்விளைவைப் பார்க்க எடுக்கும் படங்களும் சில உள. லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்ற மாத்திரை உண்போருக்கு எலும்பு அடர்த்தி குறையும். அதற்கு டெக்சா பரிசோதனை உண்டு. டிராஸ்டுசுமாப் பெறுவோருக்குச் சிகிச்சைக் காலத்தில் இதய எக்கோ எடுக்கப்படும். டமாக்சிஃபென் உண்போரின் கருப்பை உட்படலம் தடிப்பது பொது. அறிகுறியில்லாதபோது அதைத் தேடி ஸ்கேன் எடுப்பது வீண் அச்சத்துக்கே வழி. மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு வந்தால் மட்டும் தாமதமின்றிக் காட்டவேண்டும்.

படங்களைக் காத்தல்

பழைய படம் பரிசோதனையின் பாதி எனில், அதைக் காப்பதும் சிகிச்சையின் பகுதியே. நம் வீடுகளில் எக்ஸ் கதிர்ப் படங்கள் பிளாஸ்டிக் பையில் ஆணியில் தொங்கும், அல்லது பரணில் சுருண்டு கிடக்கும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. ஆற்றோரத்து வீட்டில் பரணும் காப்பிடமன்று. எண்முறைப் படமாகக் குறுந்தகட்டிலோ நினைவுக்குச்சியிலோ பெற்று, ஒரு படி உறவினர் வீட்டிலும் வைப்பது நலம். அறிக்கையைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது பயனுடையதே. எனினும் அது மேமோகிராம் படத்துக்கு ஈடாகாது, ஏனெனில் ஒப்பிடவேண்டியது அறிக்கையின் சொற்களை அன்று, படத்தை.

படத்தோடு வைக்கவேண்டிய தாள் ஒன்று உண்டு. எந்த மார்பகம், எந்நாளில் என்ன அறுவை, கட்டியின் அளவு, எத்தனை நிணநீர்க் கணுக்களில் நோய், ஏற்பிகளின் நிலை, கீமோதெரபி மருந்துகளின் பெயர், கதிர்வீச்சு முடிந்த நாள், இப்போது உண்ணும் மாத்திரை, அடுத்த மேமோகிராம் எந்த மாதம் ஆகிய ஒன்பது விவரங்கள் கொண்ட ஒற்றைத் தாள் அது. மருத்துவச் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கலாம். கடைசி வரி மட்டும் தமிழில் இருத்தல் வேண்டும். மாதத்தைத் தமிழ் மாதமாகவும் எழுதலாம். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறைக்கு வருவதை யாரும் நினைவூட்டவேண்டியதில்லை. மேமோகிராமை அதற்கடுத்த வாரம் எனக் குறித்துக்கொண்டால் அதுவும் நினைவில் நிற்கும்.